வெயிலில் தெரியாத நெருப்பு

எரிவாயுச் சிலிண்டர் தீரும் தறுவாயில் அடுப்பு சிலவேளை ‘டொப்’ என்று பின்வாங்கும். வெளியே எரிந்துகொண்டிருந்த நெருப்பு குழாய்க்குள் தலையை இழுத்துக்கொள்கிற சத்தம் அது. போன கிழமை எங்கள் வவுனியா வீட்டுக் குசினியில் அது கேட்டபோது, கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். “சிலிண்டர் முடிஞ்சதுக்கு ஏன் உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?” என்று மனைவி சிரித்தார். பயத்தில் வேர்க்கவில்லை. தென்மேற்குச் சோளகக் காற்றும், நீறிய சுண்ணாம்பின் மணமும், கண்ணைக் கூசவைக்கும் வெயிலுமாக ஒரு ஆஸ்பத்திரி முற்றம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

அன்று காலையில்தான் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இருவர் வந்து தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டுப் போயிருந்தார்கள். இயற்கை வாயுவை உடைத்து ஐதரசன் எடுக்கிறார்கள். உடைக்கும்போது வரும் கரியமில வாயுவான காபனீரொட்சைட்டை முன்னைப்போல வானத்தில் விடாமல் பிடித்து, நிலத்தின் அடியில் இறக்கப் போகிறார்கள். உலகம் முழுக்க இதுதான் கதை. “நீங்கள் வளைகுடாவில அந்த வேலைதானே செய்தனீங்கள், சேர்?” என்றார்கள். ஓம், அந்த வேலைதான். ஆனால் வளைகுடாவை எழுத எனக்கு ஒரு பக்கம் போதும். மிச்சத்தை வன்னிக்குத் தாருங்கள்.

மலையகத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து வன்னிக் காட்டோரம் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா கடைசிவரை ‘ஆமா’ என்றுதான் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் ‘ஓம்’ பழகி, அதைச் சொல்லிக்கொண்டே மீசை முளைத்த கையோடு விமானம் ஏறினேன். போய்ச் சேர்ந்த இடம் ஒரு உரத் தொழிற்சாலை. செந்தணலாகப் பழுத்த குழாய்களுக்குள் இயற்கை வாயுவும் நீராவியும் ஒன்றாகப் போகும். மறுபக்கம் ஐதரசனும் காபனீரொட்சைட்டும் கலந்து வரும். கலப்பை உயரமான ஒரு கோபுரத்தின் அடியால் விடுவோம். மேலிருந்து சூடான உப்புக்கரைசல் வழிந்து வரும். கரைசல் காபனை வாங்கிக்கொள்ளும், ஐதரசன் தப்பி மேலே போகும். காபனை வாங்கிய கரைசலை அடுத்த கோபுரத்தில் கொதிக்கவைத்தால் வாங்கியதைத் திருப்பித் தந்துவிடும். அதில் ஒரு பங்கு யூரியாவுக்கு. மிச்சம் இரைச்சலோடு பாலைவன வானத்துக்கு. கல்லூரிப் பிள்ளைகளே, நீங்கள் புதிது என்று சொல்லும் தொழிலில் புதிதாக வந்திருப்பது அந்தக் கடைசி வாயை மூடுவது மட்டும்தான். சின்ன விசயமென்று சொல்லவில்லை. மூடியிருக்கலாமே என்று அப்போதே நினைத்தவர்கள் எங்களுக்குள்ளும் இருந்தார்கள்.

என்னுடைய போர்மன் கேரளத்துக்காரர், குரியன். ஐதரசன் குழாய்கள் ஓடும் பக்கம் போகும்போதெல்லாம் கையில் ஒரு நீளமான புல் விளக்குமாறு வைத்திருப்பார். அதை முன்னால் நீட்டிக்கொண்டு, குருடர் தடி தட்டுவதுபோல மெல்ல மெல்ல நடப்பார். முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஐதரசன் எரிவது பகலில் கண்ணுக்குத் தெரியாது. புகை இல்லை, நிறம் இல்லை. ஒழுகி எரிகிற இடத்துக்குள் ஆள் நடந்து போய்விடுவான். விளக்குமாறு முதலில் எரிந்தால் ஆள் தப்பினான். இவ்வளவையும் சொல்லிவிட்டு விளக்குமாற்றை என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

தொண்ணூறில் அங்கே சண்டை மூண்டது. இங்கே வந்து சேர்ந்தால் இங்கேயும் சண்டை. பாதை மூடியது, விசா முடிந்தது, அம்மா படுக்கையில் விழுந்தார். நான் வன்னியிலேயே நின்றுவிட்டேன்.

அம்மாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில்தான் எனக்கு வேலை கிடைத்தது. காட்டோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி. டொக்டர் கிடையாது. டொக்டருக்குக் குறைந்த படிப்போடு வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா ஒருவர்தான் எல்லாம். ஒல்லியானவர், வெள்ளை நீளக் காற்சட்டை, காலில் ரயர் செருப்பு. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. என்ன ஆபத்து வந்தாலும் எல்லோரையும் நீள மர வாங்கில் இருத்தி ஒன்றைத்தான் கேட்பார்: “தெரிஞ்சதைச் சொல்லும். தெரியாததையும் சொல்லும். ரெண்டையும் கலக்காதையும்.” பாம்பு கடித்து வந்தவரின் சொந்தக்காரரிடமும் அப்படித்தான், தண்ணீர் இறைக்காத பம்புக்காக என்னிடமும் அப்படித்தான். கலந்து சொன்னால், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடியுமட்டும் பதில் வராது. அந்த மௌனத்துக்கு நாங்கள் எல்லோரும் பயம்.

ஆஸ்பத்திரியின் உயிர் ஒரு பழைய மண்ணெண்ணெய்ப் பிரிஜ்ஜில் இருந்தது. பின்னால் சின்னதாக நெருப்பு எரியும், முன்னால் பெட்டி குளிரும். நெருப்பால் குளிரும் பெட்டி என்று சொன்னால் சனம் நம்பாது, தொட்டுப் பார்க்க வரும். அதற்குள்தான் தடுப்பூசி மருந்துகளும் பாம்புக்கடி மருந்தும். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெயைச் சனம் ஜாம் போத்தலுக்குள் துளித்துளியாக விட்டு விளக்கெரித்தது. ஒரு பிரிஜ் நாள் முழுக்க அதைக் குடித்தால் எங்கே போவது?

அதனால்தான் சாணிக் கிணறு வெட்டினோம். மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் செங்கல் கட்டிய குழி, மேலே கவிழ்த்த இரும்பு மூடி. சாணி புளித்து வாயு சேரச்சேர மூடி மிதந்து எழும்பும். ஆனால் அந்த வாயுவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காபனீரொட்சைட்டு. எரியாத பங்காளி. சோளகம் வீசினால் சுடர் படுத்துவிடும். அப்போதுதான் வளைகுடாக் கோபுரம் என் கனவில் வரத் தொடங்கியது. நீர்ப்பாசனப் பக்கம் உடைந்து கிடந்த பழைய பம்புக் குழாயொன்றை நிமிர்த்தி நட்டேன். வழிவது பரவி இறங்க உள்ளே நந்திக்கடல் கரையில் அள்ளிய மட்டிச் சிப்பிகள். மேலிருந்து சுண்ணாம்புப் பால் சொட்டச் சொட்ட, கீழிருந்து சாணி வாயு ஏறும். சுண்ணாம்பு காபனைப் பிடித்து வெள்ளைச் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைப் பிரசவ அறைச் சுவருக்கு அடித்தோம். சுண்ணாம்பும் சிப்பியைச் சுட்டதுதான். சூளை வானத்துக்கு விட்டதைத்தான் என் கோபுரம் திரும்பப் பிடித்தது என்பதும் எனக்குத் தெரியும். கணக்கு ஏறக்குறையச் சரிக்குச் சரி. ஆனாலும் காபனைப் பிடித்துச் சுவரில் பூசிய ஊர் எங்களுடையது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

சனம் என்னைச் ‘சாணி எஞ்சினியர்’ என்றது. ஆஸ்பத்திரியைக் கூட்டிக் கழுவும் கமலமக்காதான் அந்தப் பட்டத்தை முதலில் தந்தவர். அவருடைய துப்புரவு ஊரறிந்தது. கழுவிய சீமெந்து காயுமட்டும் அப்போதிக்கரி ஐயாவைக்கூட உள்ளே விடமாட்டார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு சோளகக் காலம். இடம்பெயர்ந்த சனம் காட்டுக்குள் தறப்பாள் கூடாரங்களுக்குக் கீழே இருந்தது. பிள்ளைகளுக்குள் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, பரவத் தொடங்கியது. காய்ச்சல், உடம்பு முழுக்கச் சிவப்பு, பிறகு நெஞ்சுச் சளி. எங்கள் மருத்துவமாது, நாங்கள் ‘மிஸி’ என்று கூப்பிடும் புஷ்பராணி, வரும் பிள்ளைகளை வாங்கிலும் நிலத்திலும் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்து நின்று மூச்சு வாங்குவார். பக்கத்து ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்ததில் அதன் பிரிஜ்ஜும் போய்விட்டது. ஆகவே அந்தப் பகுதிக்கான தடுப்பூசி முழுவதையும் எங்களிடமே அனுப்புவதாக வவுனியாவிலிருந்து செய்தி வந்தது.

மருந்தோடு பெரிய ஆட்களும் வருவார்கள் என்று யாரோ கமலமக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் வாட்டைக் கழுவினார், கிணற்றடியைக் கழுவினார், கடைசியில் மாட்டுக்கொட்டிலையும் பினைல் ஊற்றிக் கழுவினார். கழுவிய தண்ணீர் முழுக்க வாய்க்காலால் ஓடிச் சாணிக் கிணற்றுக்குள் போனது. சாணி வாயுவில் எரிகிற பங்கான மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மிக மென்மையானவை. பினைலைக் கண்டதும் சுருண்டுவிட்டன. மூடி எழும்பவில்லை. அதைப் பார்த்துக் கமலமக்காவுக்கு இரக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆட்கள்தானே நாங்கள்; நோயாளிக்கு முதலில் கிருமிநாசினி, அடுத்தது கஞ்சி. குசினியில் மிஞ்சிய சோறும் கஞ்சியும் வாளி வாளியாகக் கிணற்றுக்குள் போயின.

நான் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார். “சீவன் இல்லாமல் கிடந்துது தம்பி. கஞ்சி குடிச்சா எழும்பும் எண்டு பாத்தன்.”

எழும்பத்தான் செய்தது. வழக்கத்துக்கு மேலாகவே மூடி எழும்பி நின்றது. ஆனால் வாயு பற்றவில்லை. சாணி மணம் போய்ப் புளித்த கள்ளின் மணம் வந்தது. விளக்குகளிலிருந்து வடித்த மண்ணெண்ணெயில் பிரிஜ் நாட்களை ஓட்டியது. மருந்து வந்த காலையில் அதுவும் முடிந்தது.

ஜீப் வந்து நின்றது. மருந்துகள் ஐஸ் பெட்டிகளுக்குள். பெட்டியில் ஐஸ் மறுநாள் வரை தாங்கலாம், அதற்கு மேல் இல்லை. சாரதி இறங்கி வேம்பின் கீழ் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஐயா, மத்தியானத்துக்கு முன்னம் நான் தடைமுகாமைத் தாண்டோணும். பிரிஜ் இல்லையெண்டா இப்பவே சொல்லுங்கோ, பெட்டியளைத் திருப்பிக் கொண்டு போறன். பழுதாக்கிப்போட்டு என்னைக் கேக்கக்கூடாது.”

“திருப்பினால் எப்ப வரும்?” என்று மிஸி கேட்டார்.

“அதை நான் எப்பிடி மிஸி சொல்லுறது? பாதை ஆற்ற கையில கிடக்குது?”

அப்போதிக்கரி ஐயா எங்களை வாங்கில் இருத்தினார். திருப்பி அனுப்பினால் தறப்பாளுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஊசி இல்லை. வைத்துக்கொண்டு நெருப்புப் பற்றாவிட்டால் ஒரு பகுதியின் மருந்து முழுக்கச் சூட்டில் வீண். அவர் அதை விளக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“சொல்லும்.”

“தெரிஞ்சது: வாயு நிறையக் கிடக்குது. பத்தேல்லை. சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள விட்டுப் பாத்தன், உடன பாலாகிது. அப்ப உள்ள காபனீரொட்சைட்டு கனக்க.”

“தெரியாதது?”

“அதைக் கழுவி எடுத்தா மிச்சம் என்ன எண்டு தெரியாது, ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. “அப்ப கழுவிப் பாரும்.”

கழுவினோம். படிந்த சேற்றை வழித்தெறிந்து, கோபுரத்துக்குப் புதுச் சுண்ணாம்பு. கமலமக்கா வாளி சுமந்தார், மிஸி மேலே ஏணியில் நின்று ஊற்றினார். நான் மூடியின் மேல் கல் வைத்து வாயுவை மெல்லத் தள்ளினேன். ஒரு முறை கழுவியது போதவில்லை. வெளியே வந்ததை மாட்டு வண்டிச் சில்லு ரியூப்பில் பிடித்து மறுபடி அடியால் விட்டேன். பிறகு சோதனை. வெறும் சேலைன் போத்தலில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர், அதற்குள் குழாய். குமிழி குமிழியாக ஓடியது. பால் ஆகவில்லை. கண்ணாடியாகவே நின்றது. வளைகுடாவில் இதற்கென்று அலுமாரி அளவில் ஒரு கருவி இருந்தது. எங்கள் போத்தல் அதற்குக் குறைந்ததல்ல.

முற்றத்தில் குழாய் நுனிக்குத் தீக்குச்சியைக் கொண்டுபோனேன். ‘டொப்’. அவ்வளவுதான். ஒன்றும் தெரியவில்லை. வெயில், சுண்ணாம்பு வெள்ளை, குழாயின் வாய். 

“அணைஞ்சு போச்சுது,” என்றார் மிஸி. சாரதி ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். “பெட்டியளை ஏத்துவம், ஐயா.”

மிஸி இன்னொரு குச்சி கிழிக்கக் குனிந்தார். அந்த ‘டொப்’ மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை. சாணி வாயு அப்படிப் பேசாது. குரியனின் குழாய்கள்தான் அப்படிப் பேசின.

“மிஸி, கையை எடுங்கோ! கமலமக்கா, உங்கட ஈர்க்குமாறைத் தாங்கோ!”

“இப்ப என்னத்தைக் கூட்டப் போறாய்?”

“தாங்கோ அக்கா!”

வாங்கி, நுனியைக் குழாய் வாய்க்கு நேரே நீட்டினேன். ஒன்றுமில்லாத வெயிலுக்குள் ஈர்க்குகள் படபடவென்று பற்றின. குழாயைத் தொடவில்லை, எதையும் தொடவில்லை. வெறும் காற்று அவற்றைக் கொளுத்தியது. சாரதி கதவைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். மிஸி தன் விரல்களைப் பார்த்தார்.

முதலில் பேசியது கமலமக்கா. “அடப்பாவி, என்ர விளக்குமாறு!”

கிணறு மெதேனைக் கைவிட்டு, கஞ்சியைத் தின்று, ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் தந்திருக்கிறது. காபனைச் சுண்ணாம்பு பிடித்துவிட்டது. மிஞ்சி நின்று எரிந்தது பெரும்பாலும் ஐதரசன். அளந்து பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சுடரை நான் முன்னே பார்த்திருக்கிறேன். இல்லை, பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அப்போதிக்கரி ஐயா சாம்பலான ஈர்க்கை ஊதிவிட்டுக் கேட்டார். “நல்லது. இதால கெடுதி என்ன?”

“பின்னால ஓடும் ஐயா. குழாய்க்குள்ளால நெருப்புத் திரும்பிக் கிணத்து மூடிக்குப் போனால், மூடி வேம்புக்கு மேலால போகும்.”

“திரும்பாமல் மறிக்க என்ன வேணும்?”

“வாயு போகோணும், நெருப்பு வரக்கூடாது. நடுவில தண்ணி…”

முழுதும் சொல்ல விடவில்லை. உள்ளே போய், நெஞ்சுக்குள் காற்றோ நீரோ கட்டினால் இறக்குவதற்கு வைத்திருக்கும் கண்ணாடிப் போத்தலோடு வந்தார். நீளக் குழாய் தண்ணீருக்குள், கட்டைக் குழாய் தண்ணீருக்கு மேலே. உள்ளதை வெளியே விடும், வெளியில் உள்ளதை உள்ளே விடாது. “நெஞ்சில இருந்து காத்தெடுக்க நாங்கள் செய்யிறது இதுதான். நெருப்புக்கும் நெஞ்சுக்கும் ஒரே சட்டம்.” ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொன்னார். தண்ணீர் மட்டத்தைத் தானே குனிந்து பார்த்துச் சரிசெய்தார். இந்த மனிதரிடம் வேலை செய்கிறேன் என்று அந்த நேரம் நெஞ்சு விரிந்ததை இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிரிஜ்ஜுக்கு நெருப்புத் தரும் பேணரின் வாயைச் சுருக்கினேன். காற்றுத் துவாரத்தைத் தகரத் துண்டால் மூடினேன். ஐதரசனுக்கு முன்கூட்டிக் காற்றுக் கலந்தால்தான் அது குழாய்க்குள் துள்ளும். பிரிஜ்ஜின் அடியில் பொருத்திப் பற்றவைத்தோம். ‘டொப்’. பிறகு அமைதி.

“எல்லாம் சரி,” என்றார் மிஸி. “இது எரியுதோ இல்லையோ எண்டு நான் எப்பிடிப் பாக்கிறது? ஒவ்வொருக்காலும் விளக்குமாறு கொளுத்தவோ?”

“கொளுத்திப் பாருங்கோவன்!” என்றார் கமலமக்கா.

விடையையும் மிஸியே கண்டுபிடித்தார். முன்பொருநாள் குசினியில் உப்புத்தண்ணீர் பொங்கி அடுப்பில் விழுந்தபோது சுடர் மஞ்சளானதைச் சொன்னார். கம்பியொன்றைச் சேலைனில் தோய்த்து, காயவைத்து, மறுபடி தோய்த்துச் சுடரின் விளிம்பில் கட்டினோம். எதுவுமே இல்லாத இடத்தில் மஞ்சளாக ஒரு சிறு பூ விரிந்தது. கண்ணுக்குத் தெரியாத நெருப்புக்கு மிஸி பொட்டு வைத்துவிட்டார்.

அப்போதிக்கரி ஐயா சாரதியிடம் திரும்பினார். “நீங்கள் வெளிக்கிடுங்கோ. மருந்து இங்க நிக்கும்.”

“பழுதானா ஆர் பொறுப்பெண்டு எழுத்தில ஒண்டும் வேண்டாமோ, ஐயா?”

“நான் இங்கதானே நிக்கிறன்.”

ஜீப் போனது. பெட்டி குளிர நேரம் எடுக்கும். நாங்கள் மாறிமாறிப் போய்ப் பார்த்தோம். பொழுது சாயும்போது மிஸி வெப்பமானியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடிவந்தார். இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் நடுவே நிற்க வேண்டிய பாதரசம் எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்த மருந்தை அவரே ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். யாரையும் தொட விடவில்லை.

பிறகு கிணற்றுக்கு வைத்தியம் செய்தோம். புளிப்பை முறிக்க அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும். பக்கத்துக் கிராமத்து மாட்டுப்பட்டியிலிருந்து ஊறிய சாணிக்கரைசல் உழவு இயந்திரத்தில் வந்தது. மெல்ல மெல்லச் சுடர் தன் பழைய நீலத்துக்குத் திரும்பியது. அதற்குள் தடுப்பூசிகள் பெட்டியை விட்டுக் கிளம்பிவிட்டன. மிஸி குளிர்ப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குடியிருப்பாகப் போனார். பின்னால் இன்னொரு சைக்கிளில் நான். தறப்பாள்களுக்கு நடுவே மேசை போட்டு, தாய்மார் வரிசையில். அந்தப் பகுதியில் ஊசி போடாமல் ஒரு பிள்ளையும் மிஞ்சவில்லை. சின்னமுத்து அந்தச் சோளகத்தோடு அடங்கியது. வாட்டு வாங்குகள் வெறுமையாகின. கமலமக்கா அவற்றைக் கழுவி வெயிலில் நிமிர்த்தி வைத்திருந்தார். என் தொழிலில் அதைவிடப் பெரிய விளைச்சல் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன் பிறகு எத்தனையோ இயந்திரம் பார்த்தேன். சுகாதாரப் பகுதியின் வேர்க்ஷொப்பில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஆனால் என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், அந்த முற்றம்தான் முதலில் வாய்க்கு வருகிறது.

மாரி தொடங்கும் முன் அப்போதிக்கரி ஐயாவுக்கு மாற்றம் வந்தது. போக ஆயத்தமாகச் சைக்கிளைப் பிடித்தபடி படலையடியில் நின்றார். மிஸி அழுதார். கமலமக்கா அவருடைய செருப்புத் தடத்தைக்கூடக் கூட்டமாட்டேன் என்றார். வழக்கம்போலத் தெரிந்ததையும் தெரியாததையும் கேட்பார் என்று பார்த்தால், அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையை என் தோளில் வைத்தார்.

“பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள் ஒருநாள் உம்மட்ட வருவினம். அந்த வாயுவை வைச்சு என்ன கிழிச்சனீர் எண்டு கேப்பினம். வெக்கப்படாமல் சொல்லும்: இந்தக் காட்டுக்குள்ள இருந்த பிள்ளையள் எல்லாரையும் ஊசி போட்டு அழ வைச்சனான், பேந்து அதுகளில ஒண்டும் சாகேல்லை எண்டு.”